கண்ணை மூடினால் எழும் அலை: மூளையின் ஆல்ஃபா தாளத்தைப் பதிந்து சோதிப்பது எப்படி

தலையின் பின்பக்கம் ஒரு மின்முனையை ஒட்டிவிட்டு ஆளைக் கண்ணை மூடச் சொன்னால், ஓரிரு நொடிக்குள் நொடிக்குப் பத்து என்ற கணக்கில் திரையில் அலைகள் எழும். கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடும். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்அலைகளை முதன்முதலாகப் பதிந்தார்; அதை 1929இல் வெளியிட்டார். அப்போது பெரிதாக யாரும் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதையே செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. இன்று உள்ளங்கை அளவுப் பலகை ஒன்றும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் போதும், அரைமணி நேரத்தில் அதே அலையைப் பார்த்துவிடலாம். பார்த்தது மூளையின் தாளம்தானா, சுவரிலுள்ள மின்கம்பியா, தாடைத் தசையா, நாமே போட்ட ஃபில்டரா என்று பிரித்தறிவதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

தாளம் என்பது இங்கே என்ன? இஇஜியில் (மண்டைத்தோலில் மின்முனை ஒட்டி மூளையின் மின்அலையைப் பதியும் முறை) தெரிவது நரம்பணுக்களின் வெடிப்புத் துடிப்புகள் அல்ல. பெருமூளைப் புறணியில் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும் பிரமிடு வடிவ நரம்பணுக்களின் இணைப்புகளில் மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகைதான் அது. பத்தாயிரம் அணுக்கள் ஆளுக்கொரு நேரத்தில் ஏறி இறங்கினால் கூட்டுத்தொகை பத்தாயிரத்தின் வர்க்கமூலம், அதாவது சுமார் 100 அணுக்களின் அளவுக்குத்தான் வரும். அவற்றில் நூறே நூறு அணுக்கள் ஒரே தாளத்தில் அசைந்தால் அதுவும் 100. அதாவது ஒத்துப்போகும் ஒரு சதவீதம், ஒத்துப்போகாத தொண்ணூற்றொன்பதுக்கு ஈடாகிவிடுகிறது. மண்டையோட்டைத் தாண்டி அலை வெளியே தெரிவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அதனால் திரையில் அலை பெரிதாகத் தெரிந்தால் ‘மூளை அதிகமாக வேலை செய்கிறது’ என்று படிக்கக் கூடாது. ‘அதிக அணுக்கள் ஒன்றாக அசைகின்றன’ என்றுதான் படிக்க வேண்டும்.

ஆல்ஃபாவில் இந்த வேறுபாடு கண்கூடு. 8 முதல் 13 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அலை) வரையுள்ள இந்த அலையை வெகுகாலம் ‘சும்மா இருக்கும் மூளையின் ஓட்டம்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். இப்போது வலுவாக நிற்கும் விளக்கம் வேறு: ஆல்ஃபா ஒரு கதவு மாதிரி. எந்தப் பகுதியில் அலை ஓங்குகிறதோ, அந்தப் பகுதிக்குள் வரும் சமிக்ஞை அடக்கப்படுகிறது. அலை அடங்கிய பகுதியில் சமிக்ஞை தடையின்றிப் போகிறது. அதை நீங்களே சோதித்துப் பார்க்க மூன்று படிகள் கீழே.

என்னென்ன வேண்டும்

பெருக்கிப் பலகை ஒன்று (மின்முனையில் வரும் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக்கும் சுற்றுப்பலகை). ஏடிஎஸ்1299 சில்லு வைத்த எட்டு சானல் பலகைகள் சந்தையில் கிடைக்கின்றன. 24 பிட், நொடிக்கு 250 மாதிரி என்றால் இந்த வேலைக்குத் தாராளம். தங்க முலாம் பூசிய கிண்ண மின்முனைகள் அல்லது வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனைகள் எட்டு. இஇஜிக்கென்றே விற்கும் உப்புக் கலந்த பசை. தோலைத் தேய்க்கும் சொரசொரப்பான ஜெல், பஞ்சு, ஸ்பிரிட், தையல் டேப், தோலில் குறியிடும் பென்சில்.

பாதுகாப்பு விஷயத்தில் பேரம் கிடையாது. பலகை பேட்டரியில் ஓட வேண்டும். கம்பியில்லாமல் தரவு அனுப்பாத பலகை என்றால் லேப்டாப்பின் சார்ஜரையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். தலையில் மின்முனை ஒட்டியிருக்கும்போது மின்சார வாரிய லைனுக்கும் ஆளுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இந்தப் பதிவை வைத்து வலிப்பு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் சொல்லவும் கூடாது. அது நரம்பியல் மருத்துவரின் வேலை.

தலையை அளப்பது

மூக்கின் வேர்ப்பள்ளத்திலிருந்து உச்சி வழியாகப் பின்மண்டையின் எலும்பு முடிச்சு வரை டேப் பிடியுங்கள். 36 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். பின் முடிச்சிலிருந்து மேலே 10 சதவீதம், அதாவது 3.6 செ.மீ. தூரத்தில் நடுக்கோட்டில் ஒரு புள்ளி. அதற்கு ஓஇசட் (Oz) என்று பெயர்; இனி வரும் ஓ1, பிஓ7 போன்றவையும் இஇஜியில் தலையின் இடங்களுக்கு வைத்த பெயர்கள்தான். இப்போது அந்தப் புள்ளி வழியாகத் தலையைச் சுற்றி அளங்கள். நெற்றிப் பக்கமும் மூக்குப் பள்ளத்திலிருந்து அதே 10 சதவீத உயரத்தில் டேப் போக வேண்டும். சுற்றளவு 56 செ.மீ. என்றால், ஓஇசட்டிலிருந்து இடப்பக்கம் 5 சதவீதம், 2.8 செ.மீ.யில் ஓ1, வலப்பக்கம் அதே தூரத்தில் ஓ2. இன்னும் 2.8 செ.மீ. தள்ளினால் இடப்பக்கம் பிஓ7, வலப்பக்கம் பிஓ8. இரண்டாம் சோதனைக்கு இவை தேவைப்படும். கண்ணளவில் வைத்தால் இடவலம் அரை சென்டிமீட்டராவது பிசகும். முதல் சோதனைக்கு அது பரவாயில்லை. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும் இரண்டாம் சோதனையை அது கெடுத்துவிடும்.

ஒப்பு மின்முனை (மற்ற மின்முனைகளை எதனோடு ஒப்பிடுகிறோமோ அது) காது மடலில். கிரவுண்ட் நெற்றியில். வலப் புருவத்துக்கு மேலே ஒன்று, கண் சிமிட்டலைப் பிடிக்க. ஒப்பு மின்முனையை ‘பக்கத்தில் இருக்கட்டும்’ என்று ஓஇசட்டில் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இஇஜி எப்போதும் இரண்டு இடங்களின் வித்தியாசத்தைத்தான் காட்டும். ஓ1இலும் ஓஇசட்டிலும் ஏறத்தாழ ஒரே ஆல்ஃபா ஓடுவதால் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ‘இவருக்கு ஆல்ஃபாவே இல்லை’ என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள்.

முந்தின நாளே தலைக்குக் குளித்திருக்க வேண்டும், அன்று எண்ணெய் வைக்கக் கூடாது. தேங்காயெண்ணெய் வைத்த தலையில் எவ்வளவு பசை போட்டாலும் மின்தடை இறங்காது. முடியைப் பிரித்து வகிடு எடுத்து, தோல் லேசாகச் சிவக்கும் அளவுக்குத் தேய்த்து (புண்ணாக்கிவிடாமல்), பிறகு ஒட்டுங்கள். மின்தடை 5 கிலோஓம்முக்குக் கீழே என்பது பழைய மரபு. இப்போதைய பெருக்கிகள் 20 வரை தாங்கும். எண்ணைவிட முக்கியம் சமநிலை. ஓ1இல் 4, காதில் 30 என்று இருந்தால் அறையெங்கும் பரவியிருக்கும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறாது. கழித்தலில் ரத்தாகாமல் உள்ளே வந்துவிடும். எல்லாமே 15 என்றால் அதுவே மேல்.

அறை வெக்கையாக இருந்தால் வியர்வை மின்முனைகளுக்கு இடையே பரவி, கோடு மெதுவாக மேலும் கீழுமாக அலையும். ஏசி இல்லாவிட்டால் ஃபேனை ஆள்மேல் நேராக வீசவிடாமல் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். கம்பிகள் காற்றில் ஆடினாலும் அலை வரும். இன்வெர்ட்டர், டியூப்லைட் சோக், போன் சார்ஜர் மூன்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான இரைச்சல் அதிலேயே போய்விடும்.

முதல் சோதனை: திற, மூடு

30 நொடி கண் திறந்து ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும், 30 நொடி மூட வேண்டும். இப்படி நான்கு முறை, மொத்தம் நான்கு நிமிடம். இரண்டு நிமிடம் திறந்தும் இரண்டு நிமிடம் மூடியும் மொத்தமாக எடுப்பது வசதிதான், ஆனால் மூடிய கண்ணோடு இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் பலர் சொக்கிவிடுவார்கள். சொக்கியவரின் ஆல்ஃபா சிதறி, 4–7 ஹெர்ட்ஸ் மந்த அலைகள் வரும். கண்மணி மெதுவாக உருளும் அலையும் நெற்றிச் சானலில் தெரியும். அந்தப் பகுதியை வெட்டிப் போடுங்கள்.

தாடையைத் தளர்த்தச் சொல்லுங்கள். பல்லைக் கடித்தால் எல்லா சானலும் கறுப்பு மையாகிவிடும். ஒவ்வொரு பகுதியிலும் முதல் நொடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இமை அசைவு அங்கேதான் இருக்கும்.

கணக்கு இப்படி. 1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். தரவை 2 நொடித் துண்டுகளாக, பாதிக்குப் பாதி மேற்படியும்படி வெட்டுங்கள். 250 மாதிரி வீதத்தில் ஒரு துண்டு 500 மாதிரி. 30 நொடிக்கு 29 துண்டு, முதல் நொடியை விட்டால் 28. ஒவ்வொரு துண்டுக்கும் ஹான் சாளரம் போட்டு (துண்டின் இரு முனைகளையும் மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்குவது) ஃபூரியே மாற்றம் செய்து (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரிப்பது), திறனை, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணின் வலிமையை, சராசரி எடுங்கள். வெல்ச் முறை என்பது இதுதான். எம்என்இ பைத்தான், ஈஈஜிலேப் என்ற மென்பொருள்களில் ஒரே கட்டளையில் வந்துவிடும். துண்டு 2 நொடி என்றால் அதிர்வெண் படி 0.5 ஹெர்ட்ஸ். அரை நொடித் துண்டு போட்டால் படி 2 ஹெர்ட்ஸாகிவிடும், 9.5க்கும் 10.5க்கும் வித்தியாசம் தெரியாது.

கண் மூடிய கோட்டில் 10 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு திமில் தெரிய வேண்டும். வயதுவந்தவர்களுக்குப் பெரும்பாலும் 9–11க்குள் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு 8க்குப் பக்கத்தில், வயதானவர்களுக்கும் கொஞ்சம் கீழே. அந்த ஆளின் உச்சி எங்கே என்று குறித்துக்கொண்டு, அதற்கு இருபுறமும் 2 ஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்வதுதான் சரி. எல்லாருக்கும் ‘8–12’ என்று ஒரே அளவுகோல் போட்டால், 8.2இல் உச்சியுள்ளவரின் அலையில் பாதி வெளியே போய்விடும். சிலருக்கு ஆல்ஃபா மிகக் குறைவாகவே வரும், அது நோயில்லை.

இங்கே நின்று ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். கணினியில் வெறும் சமவாய்ப்பு எண்களை உருவாக்கி, 8–12 ஹெர்ட்ஸை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரில் விட்டுப் பாருங்கள். அழகாக ஏறி இறங்கி, பூரித்து வடியும் ‘ஆல்ஃபா’ வந்து நிற்கும்! ஃபில்டர் எதைக் கொடுத்தாலும் அலையாக்கிவிடும். ஆகவே வடிகட்டிய கோட்டைப் பார்த்துத் தாளம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. நிறமாலையை (அதிர்வெண்ணுக்கு எதிரே திறனைக் காட்டும் கோட்டை) இரு அச்சிலும் மடக்கை அளவில் வரையுங்கள். மூளையின் பின்னணி, அதிர்வெண் கூடக்கூடச் சரிந்துபோகும் ஒரு கோடாக இருக்கும். அந்தச் சரிவுக்கு மேலே திமில் எழுந்து நின்றால்தான் தாளம். சரிவே மொத்தமாக மேலேறியிருந்தால் அது வேறு கதை: தூக்கமாக, மருந்தாக, பெரும்பாலும் தசை இரைச்சலாக இருக்கும்.

இன்னொரு கண்ணி. தரவு பெரிதாக இருக்கிறதென்று 250ஐ நான்கால் வகுத்து, நான்கு மாதிரிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டி வடிகட்டாமல் இப்படிச் செய்தால் புதிய வீதம் 62.5. அப்போது 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி 62.5 கழித்தல் 50, அதாவது 12.5 ஹெர்ட்ஸாக வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். ஆல்ஃபா வரம்புக்குள்ளேயே! கண் திறந்தாலும் மூடினாலும் அசையாமல், ஊசி மாதிரி கூர்மையாக ஒரு முனை தெரிந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். மூளையின் திமில் எப்போதும் கொஞ்சம் அகலமாகத்தான் இருக்கும்.

மியூ அலையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் 8–13தான், ஆனால் உச்சியின் இருபுறமும், சி3, சி4 இடங்களில் வரும். கண் திறப்பதற்கு அசையாது. கையை மூடித் திறந்தால் அடங்கும். அலை வடிவம் வில் மாதிரி ஒருபக்கம் கூர்மையாக இருப்பதால் 20 ஹெர்ட்ஸிலும் அதன் நிழல் விழும். அதைத் தனியான பீட்டா தாளம் (ஆல்ஃபாவைவிட வேகமான அலை) என்று எண்ணி ஏமாறுவதுண்டு.

இரண்டாம் சோதனை: கவனம் போகும் பக்கம்

கண் மூடினால் ஆல்ஃபா ஓங்குவதை வெளிச்சம் இல்லாததால் என்றே விளக்கிவிடலாம். கதவு என்ற கருத்தைச் சோதிக்க, கண்ணுக்குள் போகும் படம் மாறாமல் கவனம் மட்டும் மாற வேண்டும். 2000இல் வேர்டனும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது இதைத்தான்.

ஆளின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே 57 செ.மீ. வையுங்கள். அந்தத் தூரத்தில் திரையில் 1 செ.மீ. என்பது பார்வைக் கோணத்தில் 1 பாகை. கணக்குப் போட வேண்டியதில்லை. நடுவில் ஒரு கூட்டல் குறி. அதற்கு இடப்பக்கம் 7 செ.மீ., வலப்பக்கம் 7 செ.மீ. தள்ளி வெறும் வட்டங்கள். ஒவ்வொரு முறையும்:

1. கூட்டல் குறி மட்டும், 1 முதல் 1.5 நொடி, ஒவ்வொரு முறையும் மாறி மாறி.
2. இடம் அல்லது வலம் காட்டும் சிறிய அம்பு, 200 மில்லிநொடி.
3. 1.2 நொடி வெற்றுக் காத்திருப்பு.
4. அம்பு காட்டிய வட்டத்தில் மங்கலான கோடு, இடச்சாய்வா வலச்சாய்வா என்று பட்டனில் பதில். எதிர்ப்பக்கத்தில் குழப்புவதற்கு இன்னொரு கோடு.

மூன்றாம் படிதான் உங்கள் தரவு. அதைச் சுருக்கக் கூடாது. பக்கவாட்டு வித்தியாசம் உருவாக அம்புக்குப் பிறகு சுமார் அரை நொடியாவது பிடிக்கும். காத்திருப்பு 600 மில்லிநொடி என்று வைத்தால் அம்பைப் பார்த்த எதிர்வினையும் கவனத்தின் விளைவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எதிர்ப்பக்கக் குழப்பக் கோடும் அவசியம். தள்ளிவைக்க ஒன்றுமில்லாவிட்டால் கதவை மூட வேண்டிய தேவையும் இல்லை.

பக்கத்துக்கு 100 முறை, மொத்தம் 200. நாற்பதுக்கு ஒருமுறை இடைவேளை. கோட்டின் மங்கலை ‘இரண்டு சரி என்றால் ஒருபடி கடினம், ஒரு தப்பு என்றால் ஒருபடி எளிது’ என்ற ஏணி முறையில் சரிசெய்தால் சுமார் 71 சதவீதம் சரியான பதிலில் நிற்கும். நூற்றுக்கு நூறு வாங்கும் அளவுக்கு எளிதாக வைத்தால் யாரும் கவனத்தைக் குவிக்க மாட்டார்கள்.

இந்தச் சோதனையைக் கெடுப்பது கண். நடுவைப் பார்க்கச் சொன்னாலும் கண் அம்பின் பக்கம் நழுவும். நழுவினால் கண்ணுக்குள் போகும் படமே மாறிவிடும். நீங்கள் அளப்பது கவனம் அல்ல. இரு கண்களின் வெளிமூலையிலும் ஒவ்வொரு மின்முனை ஒட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். கண் பக்கவாட்டில் 1 பாகை நகர்ந்தால் சுமார் 16 மைக்ரோவோல்ட் படி தெரியும். 32ஐத் தாண்டினால் அந்த ஒரு முறையின் பதிவைத் தூக்கிப் போடுங்கள். பாதிக்குமேல் போனால் ஆளுக்கு முதலில் பத்து நிமிடம் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி எடுப்பதுதான் நேர்மை.

கணக்கு: அம்பு வந்து 500 முதல் 1200 மில்லிநொடி வரை பிஓ7, பிஓ8 இரண்டிலும் ஆல்ஃபா திறன். கவனம் போன பக்கத்திலுள்ள மின்முனையின் திறனிலிருந்து எதிர்ப்பக்கத்து மின்முனையின் திறனைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். இடப்பக்கப் பார்வைக்களம் வலது மூளைக்குப் போவதால், இடப்பக்கம் கவனிக்கும்போது வலது மூளையில் ஆல்ஃபா தாழ்ந்தும் இடது மூளையில் ஓங்கியும் இருக்க வேண்டும். எண் நேர்மறையாக வரும். இட அம்புக்கும் வல அம்புக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வந்து மற்றதில் தலைகீழாக வந்தால் அது கவனம் இல்லை, ஒரு மின்முனை சரியாக ஒட்டவில்லை. வெறும் சராசரி இதை மறைத்துவிடும்.

மூன்றாம் சோதனை: அலையின் எந்தக் கட்டத்தில் சமிக்ஞை வந்தது

கதவு நொடிக்குப் பத்து முறை திறந்து மூடுகிறது என்றால், 100 மில்லிநொடிச் சுழற்சியின் ஒரு கட்டத்தில் வந்த மங்கலான ஒளி தெரிய வேண்டும், எதிர்க் கட்டத்தில் வந்தது தவறிப்போக வேண்டும். 2009இல் இப்படிப்பட்ட முடிவுகள் வெளிவந்தன. பின்னால் நடந்த சில ஆய்வுகளுக்கு அது கிடைக்கவில்லை. சச்சரவு முடியாத இடம் இது என்று தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

முதல் தேவை நேரம். ஆல்ஃபாவில் 20 மில்லிநொடி தடுமாற்றம் என்பது 72 பாகை (ஒரு முழுச் சுழற்சி 360 பாகை); 50 மில்லிநொடி என்றால் மேடும் பள்ளமும் இடம் மாறிவிடும். புளூடூத்தில் தரவு வரும் பலகை, கணினிக் கடிகாரத்தில் குறித்த நேரம் என்ற சேர்க்கை இரண்டாம் சோதனைக்கு ஒப்பேறும்; இதற்கு உதவாது. திரையின் மூலையில் ஒரு சிறு வெள்ளைச் சதுரம் ஒளிரவிட்டு, அதன்மேல் ஃபோட்டோடையோடு (ஒளி பட்டால் மின் சமிக்ஞை தரும் உணரி) ஒட்டி, அந்த சமிக்ஞையைப் பலகையின் மிச்ச சானல் ஒன்றிலேயே பதியுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி என்பதால் மென்பொருள் ‘காட்டினேன்’ என்று சொல்வதை நம்புவதற்கில்லை.

ஒளியின் அளவு பாதிக்குப் பாதி தெரியும்படி இருக்கட்டும். 400 முறையாவது எடுங்கள். பிறகு கட்டத்தைக் கணக்கிடும்போது ஃபில்டர் காலத்தில் பின்னோக்கியும் கசியும் என்பதை மறக்காதீர்கள். 10 ஹெர்ட்ஸில் மூன்று சுழற்சி அலைக்கூறு (கட்டத்தைக் கணக்கிடப் பயன்படும் குறுகிய அலைத்துண்டு) எடுத்தால் அதன் நீளம் 300 மில்லிநொடி. ஒளி வந்ததற்கு 150 மில்லிநொடிக்குள்ளான எந்தக் கட்டத்திலும் ஒளிக்குப் பிந்திய எதிர்வினை கலந்திருக்கும். ஒளி தெரிந்த முறைகளில் அந்த எதிர்வினை பெரிதாக இருப்பதால், ‘முன்கூட்டியே கட்டம் சொல்லிவிட்டது’ என்ற மாயை பிறக்கும். ஒளிக்கு 200 மில்லிநொடி முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒளி தெரிந்த முறைகள், தெரியாத முறைகள் இரண்டின் எண்ணிக்கையையும் சமமாக்குவதும் அதேபோல் முக்கியம். கட்டங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, ஒத்துப்போகாத இடத்திலும் பூஜ்யமாகாது, சமவாய்ப்பில்கூட 0.886ஐ முறைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்கு வரும். 100 முறைக்கு 0.09, 25 முறைக்கு 0.18. தெரிந்தவை 300, தெரியாதவை 100 என்று அப்படியே ஒப்பிட்டால் குறைந்த எண்ணிக்கை உள்ள பக்கம் தானாகவே ‘ஒத்துப்போவதாக’க் காட்டும். 300இலிருந்து சீட்டுக் குலுக்கி 100 எடுத்து, அதையே ஆயிரம் முறை திரும்பச் செய்து சராசரி பாருங்கள்.

கடைசியாக, ஆல்ஃபா திறன் மிகக் குறைவாக இருந்த முறைகளைத் தனியே ஒதுக்குங்கள். அலையே இல்லாத இடத்திலும் கணினி ஒரு கட்டத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். தாளம் உண்மையிலேயே சமிக்ஞையைத் தடுக்கிறது என்றால் திறன் ஓங்கிய முறைகளில் கட்டத்தின் விளைவு பெரிதாகவும், தாழ்ந்த முறைகளில் மறைந்தும் போக வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு வந்தால் ஃபில்டர் கசிவைத்தான் முதலில் தேட வேண்டும்.

காமாவை, அதாவது 30 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை, இந்தச் சாதனத்தில் தேடாதீர்கள். நெற்றி, கன்னப்பொறித் தசைகளின் இரைச்சல் அங்கேதான் கொட்டிக்கிடக்கிறது. கண்ணின் நுண்ணசைவுகளும் படம் வந்து 200–300 மில்லிநொடியில் காமா மாதிரியே ஒரு வெடிப்பைத் தரும் என்று 2008இலேயே காட்டியாகிவிட்டது. பூனையின் பார்வைப் புறணியில் 1989இல் கிரேயும் சிங்கரும் கண்ட 40 ஹெர்ட்ஸ் ஒத்திசைவு மூளைக்குள்ளேயே மின்முனை வைத்து எடுத்தது. மண்டைத்தோலின் மேலிருந்து அதை எட்டிப் பிடிப்பது வேறு வேலை.